உரிமையும் உறுதிமொழியும்

காதலைப் பாடாத மொழியில்லை. காமத்திற்கு நெறி வகுக்காத சமயமும் இல்லை. இவ்விரண்டும் ஒன்றா, வேறா என்னும் வினாவை மாணவர் வகுப்பறையில் பலமுறை எழுப்பியதுண்டு. அகத்திணை நடத்தும் ஆசிரியன் அதனைத் தட்டிக்கழிக்க இயலாது. விடை தேடிய வழியில் எனக்குத் துணைநின்றவை இங்கிலாந்தில் வாழ்ந்த அறிஞர் இருவரின் நூல்கள். ஒருவர் சமயச் சார்பற்ற சிந்தனையாளர் பெர்ட்ரண்ட் ரசல். மற்றவர் கிறித்தவ எழுத்தாளர் சி.எஸ். லூயிஸ். என் துணைவியார் நெடுநாள் நோயுற்றுப் படுக்கையில் இருந்த ஆண்டுகளில், இரவு வேளைகளில் அவர் அருகமர்ந்து இவற்றைப் படித்தேன். ஆதலின் இவ்வினா எனக்கு ஏட்டளவில் நின்றுவிடவில்லை.

ரசலின் 'திருமணமும் ஒழுக்கமும்' 1929ஆம் ஆண்டில் வெளிவந்தது. பாலுணர்வு இயற்கையானது, அதனை மாசெனக் கருதும் மனப்பான்மையைப் புனித பவுல் தொட்டுக் கிறித்தவ மரபு வளர்த்துவிட்டது என்பது அவர் குற்றச்சாட்டு. திருமணத்தின் தலையாய நோக்கம் குழந்தைகளின் நலமே என்றார். கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் காவல் காத்தல் தகாது. கடமையென்னும் எண்ணம் புகுந்தால் காதல் வாடிவிடும் என்றும் வாதிட்டார். எனினும் அவர் அன்பற்ற காமத்தைப் போற்றியவர் அல்லர். இத்தகைய கருத்துகளைக் காட்டியே, நியூயார்க் நகரக் கல்லூரியில் அவருக்கு அளிக்கப்பட்ட பேராசிரியர் பதவியை 1940இல் நீதிமன்றம் செல்லாததாக்கியது. பத்தாண்டு கழித்து இலக்கியத்திற்கான நோபல் பரிசு அவரை வந்தடைந்தது.

லூயிஸ் 1960இல் வெளியிட்ட 'நான்கு அன்புகள்' என்னும் நூல் பாசம், நட்பு, காதல், அருளன்பு எனப் பகுத்துப் பேசுகிறது. உடல்வேட்கை இன்பத்தை நாடும்; காதலோ குறிப்பிட்ட ஒருவரை நாடும் என்று அவர் வேறுபடுத்துகிறார். உடல் இறைவன் படைப்பாதலின் இழிந்ததன்று, இன்பமும் பாவமன்று. ஆயினும், என்றும் பிரியேன் எனச் சூளுரைக்கும் காதலுக்கு அச்சூளைக் காக்கும் ஆற்றல் தானாக இல்லை. உணர்ச்சி தளரும்போது உறுதிமொழியும் இறையருளும் அதனைத் தாங்க வேண்டும் என்பது அவர் கொள்கை.

இரு கொள்கைகளையும் வாழ்க்கை சோதித்தது. தம் இரண்டாம் மனைவியின் உரிமையை மதிக்க முயன்ற ரசல், அதற்கு வேண்டிய மன்னிக்கும் ஆற்றல் தம்மிடம் போதிய அளவில் இல்லை எனத் தன்வரலாற்றில் எழுதினார். அம்மணம் 1935இல் முறிந்தது. லூயிஸ் 1956இல் ஜாய் டேவிட்மனைப் பதிவுத் திருமணம் செய்தது, அப்பெண்மணி இங்கிலாந்தில் தங்கியிருக்க வழிசெய்வதற்கே. புற்றுநோய் வெளிப்பட்டபின் காதல் கனிந்தது. ஆனால் அவர் மணவிலக்குப் பெற்றவர் என்பதால் திருச்சபை விதி குறுக்கே நின்றது. இறுதியில் 1957இல், குருவானவர் ஒருவர் மனமிரங்கி மருத்துவமனைப் படுக்கையருகே மணச்சடங்கை நிறைவேற்றினார். 1960இல் ஜாய் மறைந்தார்.

ஒருவர்க்கு உரிமை மட்டும் போதவில்லை. மற்றவர்க்கு விதியே தடையாயிற்று. இதனை எண்ணுங்கால் இருவரிடமும் கொள்ளத்தக்கது உண்டெனக் கண்டேன். பெண் ஆணின் உடைமை அல்லள், இளையோரின் ஐயங்களுக்கு அச்சுறுத்தலின்றி உண்மை கூறல் வேண்டும் என்பவற்றில் ரசலை நான் மறுப்பதற்கில்லை. ஆனால் கடமை காதலைக் கொல்லும் என்பதை மட்டும் என் உள்ளம் ஏற்கவில்லை. மருந்தின் நெடியும் உறக்கமின்மையும் சூழ்ந்த இரவுகளில் காதலுணர்ச்சி எனக்கு எப்போதும் பொங்கிநின்றதில்லை. அவ்வேளைகளில் என்னை அங்கே இருத்தியது கொடுத்த சொல். அங்கே இருந்தமையால், பின்னர் அன்பு தானே திரும்பியது. முன்னிலும் ஆழமாகத் திரும்பியது.

மாணவச் செல்வங்களே! காதலிக்கும் உரிமையை உங்களுக்கு எவரும் சொல்லித்தர வேண்டுவதில்லை. ஆனால் ஒருவரை விரும்புகிறேன் என்று சொல்லுமுன், அவர் நோயுற்று, அழகிழந்து, சினந்து பேசும் நாளிலும் அவரருகில் இருப்பேனா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். நான் படித்த இரு நூல்களும் இறுதியில் என்னிடம் கேட்ட வினா இதுவே.