பௌத்தமும் வணிக அறமும்

பௌத்தம் என்றவுடன் துறவு, தியானம், போதி மரம் என்றுதான் பலருக்கும் நினைவுக்கு வரும். ஆசையை விடச் சொன்னவருக்கும் இலாப நட்டக் கணக்குக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத் தோன்றும். ஆனால் புத்தரின் முதல் இல்லறச் சீடர்களாகச் சொல்லப்படும் தபுஸ்ஸர், பல்லிகர் இருவருமே வணிகர்கள். ஜேதவனத்தை வாங்கிச் சங்கத்துக்குக் கொடுத்த அநாதபிண்டிகரும் பெரும் வணிகரே.

பொருள் ஈட்டுவதை புத்தர் தடுக்கவில்லை. எப்படி ஈட்டினாய், எப்படிப் பங்கிட்டாய் என்றே கேட்டார். தீக நிகாயத்தில் உள்ள சிகாலோவாத சுத்தம் வருமானத்தை நான்காகப் பிரிக்கச் சொல்கிறது. ஒரு பங்கு அனுபவிக்க, இரண்டு பங்கு தொழிலுக்கு, ஒரு பங்கு ஆபத்துக் காலத்துக்கு. இன்று வணிகவியல் மாணவர்கள் படிக்கும் மறுமுதலீடும் காப்பு நிதியும் ஏறக்குறைய இதுதான்! ஆயுதம், உயிர்கள், இறைச்சி, போதைப்பொருள், நஞ்சு ஆகிய ஐந்தையும் விற்றுப் பிழைக்கக் கூடாது என்கிறது அங்குத்தர நிகாயம்.

தமிழ்நாட்டுக்கும் இது புதிதல்ல. மணிமேகலை என்ற பௌத்த காப்பியத்தை இயற்றிய சாத்தனார், மதுரையில் தானிய வியாபாரம் செய்த கூலவாணிகர் என்பது மரபு. அக்காப்பியத்தில் மணிமேகலை அமுதசுரபியோடு வந்து பசி தீர்க்கும் ஊர் காஞ்சி. ஏழாம் நூற்றாண்டில் அங்கு வந்த சீன யாத்திரிகர் யுவான் சுவாங், நூற்றுக்கும் மேற்பட்ட விகாரைகளையும் பத்தாயிரம் துறவிகளையும் குறிப்பிடுகிறார். காஞ்சியைத் தொட்டு, செங்கல்பட்டு வழியாக வரும் பாலாறு, மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலில் கலக்கிறது. அதன் முகத்துவாரத்தை ஒட்டிய வசவசமுத்திரத்தில் 1970-இல் நடந்த அகழாய்வில் ரோமானிய மதுச் சாடிகளின் துண்டுகள் கிடைத்தன. கடல் வணிகமும் பௌத்தமும் செழித்த வட்டாரம் இது.

இன்று அதே கடற்கரையில் புத்தர் விற்பனைக்கு இருக்கிறார். மாமல்லபுரத்துப் பட்டறைகளில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் தியான புத்தரும் வரிசையாக அமர்ந்திருக்கிறார். இவ்வூர்க் கற்சிற்பத்துக்கு 2017-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. உளி மட்டும் இருந்த இடத்தில் இப்போது மின்சார அறுவை இயந்திரமும் வந்துவிட்டது. வேலை விரைவாக முடிகிறது. ஆனால் கருங்கல்லை உலர்வாக அறுக்கும்போது சிலிக்கா கலந்த நுண்துகள் மூச்சோடு உள்ளே போகிறது. அதனால் வரும் சிலிக்கோசிஸ் நோய்க்கு முழுக் குணம் கிடையாது. தண்ணீர் ஊற்றி அறுப்பது, தூசியை உறிஞ்சும் கருவி, தரமான முகக்கவசம் ஆகியவற்றால் அதைத் தடுக்க மட்டும் முடியும்.

சிகாலோவாத சுத்தம் முதலாளிக்கு ஐந்து கடமைகளைச் சொல்கிறது: சக்திக்கு ஏற்ற வேலை, உணவும் கூலியும், நோயுற்றால் கவனிப்பு, கிடைத்த நல்லதில் பங்கு, உரிய காலத்தில் ஓய்வு. இதில் மூன்றாவதை எத்தனை பேர் கணக்கில் எழுதுகிறார்கள்? கல் விலை, கூலி, மின்சாரம், வண்டி வாடகை எல்லாம் அடக்க விலையில் ஏறும். தொழிலாளியின் நுரையீரல் ஏறாது. ஐந்தாறு பேர் வேலை செய்யும் பட்டறை, சட்டப்படி பொதுவாகத் தொழிற்சாலை என்ற வரையறைக்குள்ளேயே வராது. அதனால் அந்தச் செலவு அவர் வீட்டுக் கணக்கில் போய்ச் சேர்கிறது.

1955-இல் பர்மாவுக்குப் பொருளாதார ஆலோசகராகச் சென்ற ஷூமாக்கர், பிறகு "பௌத்தப் பொருளாதாரம்" என்ற கட்டுரையை எழுதினார். அதில் கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி சொன்ன ஒரு வேறுபாட்டை எடுத்துக்காட்டுகிறார்: மனிதனின் திறனை வளர்ப்பது கருவி, அவன் வேலையைப் பறித்துக்கொள்வது இயந்திரம். இதைக் காட்டி உளிக்கே திரும்புங்கள் என்று சிற்பியிடம் சொல்வது நியாயமாகாது. குறைந்த நேரத்தில் அதிகச் சிலை முடித்தால்தான் அவருக்கும் கூலி கட்டுப்படியாகும். இயந்திரம் இருக்கட்டும், கூடவே தண்ணீரும் முகக்கவசமும் இருக்கட்டும் என்பதே நடைமுறை வழி.

அதற்கான செலவைப் பட்டறை உரிமையாளர் மட்டும் சுமக்க முடியாது. பேரம் பேசி விலையைக் குறைக்கும் ஏற்றுமதியாளருக்கும், வாங்கிச் செல்பவருக்கும் அதில் பங்கு உண்டு. வரவேற்பறையில் அமைதிக்காக வைக்கும் புத்தர் சிலையைச் செதுக்கியவர் இருமிக்கொண்டு படுத்திருந்தால், அந்த வியாபாரத்தை நல்ல வாழ்வாதாரம் என்று புத்தரே ஒப்புக்கொள்ள மாட்டார்.