மூன்று டார்க் சோல்ஸும் ஒரு கட்டைவிரலும்

நான் வீடியோ கேம் விளையாடுகிறேன் என்று சொன்னால், காலை நடை நண்பர்கள் கம்ப்யூட்டரில் சீட்டாடுகிறேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இல்லை. நான் விளையாடுவது டார்க் சோல்ஸ். வாளும் கேடயமும் எடுத்துக்கொண்டு பாழடைந்த கோட்டைகளில் திரிந்து, நூற்றுக்கணக்கான தடவை சாகிற விளையாட்டு. மூன்று பாகங்கள் வந்திருக்கின்றன: 2011, 2014, 2016. செய்தவர்கள் ஜப்பானிலுள்ள ஃபிரம்சாஃப்ட்வேர் என்ற நிறுவனம். மகன் வெளிநாடு போனபோது விட்டுச்சென்ற பிளேஸ்டேஷன் 4-ல் மூன்றையும் வரிசையாக முடிக்க எனக்கு இரண்டு வருடத்துக்கு மேல் ஆயிற்று. முதல் பாகத்தை நான் ஆடியது 2018-ல் புதுப்பித்து வெளியிட்ட வடிவத்தில்.

இதைப் பற்றி எனக்கும் மகள் வயிற்றுப் பேரனுக்கும் நெடுநாள் வழக்கு ஒன்று நடக்கிறது. ப்ளஸ் டூ படிக்கிறான். மூன்றாம் பாகம்தான் உச்சம், முதல் பாகம் மாட்டுவண்டி, இரண்டாவது குப்பை என்பது அவன் கட்சி. என் தரப்பை இங்கே எழுதிவைத்துவிடுகிறேன். அவன் படிக்க மாட்டான் என்பது வேறு விஷயம்.

தெரியாதவர்களுக்காக ஒரு பத்தி. இந்த விளையாட்டில் எதிரியைக் கொன்றால் சோல்ஸ் கிடைக்கும். பணமும் அதுதான், பலம் ஏற்றிக்கொள்ளவும் அதுதான். செத்தால் கையில் இருந்தது அத்தனையும் செத்த இடத்திலேயே கிடக்கும். திரும்பிப் போய் எடுக்கலாம். வழியில் இன்னொரு தடவை செத்தால் போனது போனதுதான். ஆங்காங்கே பான்ஃபயர் என்ற தீமூட்டம் இருக்கும். அதன் பக்கத்தில் உட்கார்ந்தால் உடம்பு தேறும், எஸ்டஸ் என்ற மருந்துக் குடுவை நிறையும். ஆனால் நீங்கள் கொன்ற அத்தனை பேரும் எழுந்து பழைய இடத்தில் நிற்பார்கள். இவ்வளவுதான் சட்டம். மூன்று பாகத்துக்கும் பொது.

நான் முப்பத்து மூன்று வருடம் நில அளவைத் துறையில் இருந்தவன். சங்கிலி பிடித்துத் தொடங்கி, தியோடலைட் வழியாக, டோட்டல் ஸ்டேஷன் வரை பார்த்தாயிற்று. அதனால் முதல் பாகத்தை நான் பார்த்த கண் வேறு, பேரன் பார்க்கிற கண் வேறு.

அந்தப் பாகத்தில் நீங்கள் வந்து இறங்கும் இடத்துக்கு ஃபயர்லிங்க் ஆலயம் என்று பெயர். ஒரு மேடு, இடிந்த சுவர், ஒரு தீமூட்டம். அங்கிருந்து மேலே ஏறினால் பிணங்கள் உலவும் ஊர், அதற்கும் மேலே ஒரு தேவாலயம். எனக்கு அது ஒரு வார வேலை. தேவாலயத்துக்குப் பக்கத்தில் ஒரு லிஃப்ட் இருந்தது. ஏறி நின்றேன். அது கீழே, கீழே, கீழே போய் நின்ற இடத்தில் கதவைத் தாண்டினால் பழைய தீமூட்டம்! ஒரு வாரம் சுற்றி நடந்த ஊர், நான் புறப்பட்ட இடத்துக்கு நேர் மேலே இருந்திருக்கிறது. சோபாவில் எழுந்து நின்றுவிட்டேன். மறுநாளே கிராஃப் தாள் வாங்கி வந்து படம் போட ஆரம்பித்தேன்.

படம் பொருந்தியது. அதுதான் அதிசயம். தூரத்தில் தெரியும் கோபுரத்துக்குப் பிறகு நாம் நடந்தே போகிறோம். பூமிக்கடியில் ராட்சதர்களின் கல்லறைக்குள் நின்று பார்த்தால், வேறு வழியாகப் போக வேண்டிய எரிமலைப் பகுதியின் வெளிச்சம் எதிரே தெரிகிறது. டிராகன் நெருப்புக் கக்கும் பாலத்துக்கு அடியில் ஒரு வழி இருக்கிறது. அதில் போய் ஓர் ஏணியை உதைத்துத் தள்ளினால் முந்தைய தீமூட்டத்துக்குக் குறுக்குவழி. ஏறக்குறைய பாதி விளையாட்டு வரை ஒரு தீமூட்டத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவ முடியாது. எங்கே போனாலும் நடைதான். அதனால் ஒவ்வொரு படிக்கட்டும் நம் தெருப் படிக்கட்டு போல ஆகிவிடுகிறது.

என் கட்சியின் முக்கிய வாதம் இதுதான்: முதல் பாகத்தின் கஷ்டம் இடத்தில் இருக்கிறது, கையில் இல்லை. எந்த மூலையில் எவன் ஒளிந்திருப்பான், எந்தத் தூணுக்குப் பின்னால் நின்றால் அடி விழாது என்று தெரிந்தவன், கை மெதுவாக இருந்தாலும் பிழைத்துக்கொள்வான். அனோர் லோண்டோ என்ற தேவர் நகரத்தில் ஆர்ன்ஸ்டீன், ஸ்மௌ என்று இரண்டு பேர் ஒரே நேரத்தில் வருவார்கள். ஒருவன் ஈட்டியோடு பறப்பான், இன்னொருவன் சம்மட்டியோடு உருளுவான். இணையத்தில் எத்தனையோ இளைஞர்கள் அழுத இடம். நான் மண்டபத்துத் தூண்களை எனக்கும் அவர்களுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு, கேடயத்தைத் தூக்கிப் பிடித்து, ஒருவன் பின்தங்கும்போது மற்றவனுக்கு ஒரு குத்து வீதம், இரண்டு வாரத்து மாலைகளில் முடித்தேன். மாட்டுவண்டிதான். ஊர் போய்ச் சேர்ந்தது.

பிற்பாதி அப்படி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். எரிமலைப் பக்கத்து ஊரெல்லாம் நிதியாண்டுக் கடைசியில், மார்ச் மாதம் அவசரமாகப் போட்ட ரோடு மாதிரிதான் இருக்கும்.

இதை உருவாக்கிய ஹிடேடாகா மியாசாகி கதை எனக்குப் பிடிக்கும். ஆரக்கிள் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு, 2004-ல், இருபத்தொன்பது வயதில் இந்தத் துறைக்கு வந்தவர். சிறு வயதில் அரைகுறையாகப் புரிந்த ஆங்கிலப் புத்தகங்களைப் படித்து, புரியாத இடங்களைக் கற்பனையால் நிரப்பிக்கொண்டதாகச் சொல்லியிருக்கிறார். விளையாட்டில் எதையும் முழுதாக விளக்காமல் விடுவதன் வேர் அங்கே இருக்கிறது. இன்னொன்றும் சொல்லியிருக்கிறார். பனி கொட்டிய ஒரு மலைச்சாலையில் கார்கள் ஏற முடியாமல் நின்றபோது, பின்னால் வந்த கார் முன்னால் இருந்ததைத் தள்ளி ஏற்றியதாம். மேலே போனவர்கள் யாரும் நின்று நன்றி சொல்ல முடியவில்லை. முகம் தெரியாத ஆட்டக்காரர்கள் தரையில் ஒருவருக்கொருவர் குறிப்பு எழுதிவைப்பது இந்த விளையாட்டுகளில் உண்டு. அதற்கு விதை அந்தச் சாலைதான். ‘முன்னால் பொறி இருக்கிறது’ என்று யாரோ எழுதிய வரி என்னை எத்தனையோ தடவை காப்பாற்றியிருக்கிறது. புதையல் இருக்கிறது என்று எழுதிப் பள்ளத்தில் குதிக்க வைத்தவர்களும் உண்டு. அவர்களையும் மறக்கவில்லை.

இரண்டாம் பாகத்தை மியாசாகி இயக்கவில்லை. டோமோஹிரோ ஷிபுயா, யூய் டானிமுரா என்ற இருவர் இயக்கினார்கள். பேரன் குப்பை என்பது இதைத்தான். என் கோபம் வேறு. ஒரு காற்றாலை வருகிறது. அதன் உச்சியில் ஒரு லிஃப்ட். ஏறி மேலே போனால், எரிமலைக் குழம்பில் நிற்கும் ஓர் இரும்புக் கோட்டை! கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் காற்றாலைக்கு மேலே வெறும் வானம்தான் இருக்கிறது. எந்தச் சர்வேயர் இதற்குக் கையெழுத்துப் போடுவான்? அன்றைக்கே கிராஃப் தாளை மடித்து வைத்துவிட்டேன்.

இதில் செத்தால் இன்னொரு தண்டனையும் உண்டு. ஒவ்வொரு சாவுக்கும் மொத்த உயிரளவே கொஞ்சம் குறையும், பாதி வரைக்கும் போகும். பென்ஷனை கம்யூட் செய்தவர்களுக்கு இந்த உணர்வு பழக்கம்தான். ஆனால் யாரும் சொல்லாத ஒரு கருணையும் இதில் இருக்கிறது. ஒரே எதிரியைப் பத்துப் பன்னிரண்டு தடவை கொன்றால் அவன் பிறகு வருவதே இல்லை. திறமை இல்லாவிட்டாலும் பொறுமை இருந்தால் வழி காலியாகிவிடும். அப்புறம் மஜூலா என்ற கடற்கரைக் கிராமம். சாயங்கால வெயில், நாலு வீடு, மெல்லிய இசை. விளையாடாமல் அங்கே சும்மா நின்றிருக்கிறேன்.

மூன்றாம் பாகத்துக்கு வருகிறேன்.

மியாசாகி திரும்பி வந்தார். நடுவில் ப்ளட்போர்ன் என்று ஒன்றைச் செய்திருந்தார். அதன் வேகம் இதிலும் ஒட்டிக்கொண்டது. எதிரிகள் ஒரு வெட்டோடு நிறுத்துவதில்லை. நாலு, ஐந்து என்று தொடர்ந்து வீசுகிறார்கள். கேடயத்தைப் பிடித்து நின்றால் மூச்சு தீர்ந்து கை தொங்கிவிடுகிறது. உருண்டு தப்பிக்க வேண்டும். அதற்குத் தோதாக உருளுவதை மலிவாக்கிவிட்டார்கள். மருந்து குடிப்பதும் சட்டென்று முடிகிறது. தீமூட்டத்துக்குத் தீமூட்டம் முதலிலிருந்தே தாவலாம். சண்டையாக மட்டும் பார்த்தால் மூன்றில் இதுதான் சிறந்தது. பேரனுக்கு அந்த ஒரு மார்க் கொடுத்தாக வேண்டும்.

ஆனால் உருளும் பட்டன் வலது கட்டைவிரலில் இருக்கிறது. எனக்கு அந்தக் கட்டைவிரல் மடக்கினால் ‘டக்’கென்று சிக்கிக்கொள்ளும். காலையில் இன்னொரு கையால் பிரித்துவிட வேண்டும். டாக்டர் பார்த்துவிட்டு ட்ரிகர் ஃபிங்கர் என்றார். ஓர் ஊசி, ஆறு வாரம் ஓய்வு. “என்ன வேலை செய்யறீங்க சார்?” என்று கேட்டார். ரிட்டயர்ட் என்று மட்டும் சொன்னேன். மனைவி சும்மா இருக்கவில்லை. முழுக் கதையையும் சொல்லிவிட்டாள்.

ஆறு வாரமும் பேரன் விடுமுறை நாட்களில் வந்து ஆட, நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். சுலிவான் என்று இரட்டை வாளோடு ஒரு பாதிரி வருவான். பேரன் கேடயமே எடுக்காமல் அவனுடைய வாளுக்குள்ளேயே உருண்டு புகுந்து முதுகுப் பக்கம் எழுந்தான். “தாத்தா, ஷீல்டைக் கீழ போடுங்க. இது ஃபர்ஸ்ட் பார்ட் இல்ல.”

அவன் போன பிறகு பிளேஸ்டேஷன் செட்டிங்கில் பட்டன்களை இடம் மாற்றும் வசதி இருப்பதைக் கண்டுபிடித்தேன். உருளுவதை இடது ஆள்காட்டி விரலுக்குக் கொண்டுவந்தேன். அந்த விரலில் அதுவரை இருந்தது கேடயம். இரண்டு பாகங்களை அந்த ஒரு விரலை அழுத்திப் பிடித்தே முடித்திருந்தேன். இப்போது அதே விரலில் தப்பி ஓடும் வேலை. பழக ஒரு மாதம் ஆயிற்று. அடி வரும்போதெல்லாம் விரல் அழுத்திப் பிடிக்கவே போகும். சட்டென்று தட்டிவிட்டு எடுக்க வராது.

மூன்றாம் பாகத்தின் ஊர் முதல் பாகம் போலப் பின்னப்பட்டதில்லை. ஒரு பெரிய மலையிறக்கத்தில் வரிசையாகப் போகிறது. படம் போட ஒன்றுமில்லை என்றுதான் நினைத்தேன். பிறகு அனோர் லோண்டோ வந்தது. பனி மூடிய இன்னொரு நகரத்தின் உச்சியில், அதே நகரம். அந்தச் சுழலும் படிக்கட்டு அங்கேயே நிற்கிறது. திரையில் பெயர் வருவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. முதல் பாகத்தில் அங்கே ஒரு ராட்சதக் கொல்லன் உண்டு. பெரிய உருவம், குழந்தை மாதிரிப் பேச்சு. என் ஈட்டியைத் தட்டிக் கொடுத்தவன் அவன்தான். மூன்றாம் பாகத்தில் அவன் பிணமாகக் கிடக்கிறான். அவன் உடம்பிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்துக்கொண்டு போக வேண்டும், வேறு ஒரு கொல்லனிடம் கொடுக்க. ஆறு வார ஓய்வில் பேரன் அந்த இடத்தை இரண்டு விநாடியில் கடந்திருந்தான். முதல் பாகத்தை அவன் பாதியில் விட்டவன், அவனுக்கு அது வெறும் கரி. நான் போனபோது கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டேன்.

பழசையே காட்டிக் காசு பார்க்கிறார்கள் என்று இந்தப் பாகத்தைத் திட்டுபவர்கள் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. அணையப்போகும் நெருப்பைத் திரும்பத் திரும்ப மூட்டி உலகம் களைத்துப்போன கதை இது. பழைய ஊர்கள் சாம்பலில் தலைகாட்டாவிட்டால்தான் தப்பு. நடுவில் ஓர் இருண்ட இடம் வரும். மேடு, பள்ளம், கல்லறை வரிசை என்று எல்லாம் ஆட்டம் தொடங்கிய அதே இடத்தின் அளவு. வெளிச்சம் மட்டும் இல்லை. புலப்பட எண் ஒன்று, ஆண்டு வேறு. முதல் பாகம் இடத்தைப் பின்னியது, இது காலத்தைப் பின்னப் பார்க்கிறது. எல்லா இடத்திலும் அது கைகூடவில்லை. இங்கே கைகூடியது.

கடைசி எதிரி, முன்பு நெருப்பை மூட்டிய எல்லோரும் சேர்ந்த ஓர் உருவம். பத்தொன்பதாவது நாளோ இருபதாவது நாளோ, அவனுடைய இரண்டாம் கட்டத்தில் ஒரு பியானோ கேட்டது. சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள்.

“இது அந்தப் பழைய கிழவன் பாட்டாச்சே?”

முதல் பாகத்தின் கடைசி எதிரியான க்வின் ராஜாவைச் சொன்னாள். சாம்பலுக்கு நடுவில் தனியாக நிற்கும் அந்தக் கிழவனோடு நான் மாதக்கணக்கில் மல்லுக்கட்டியபோது அவள் காதில் விழுந்துகொண்டே இருந்த பியானோ. மெட்டு அதேதான். அன்றைக்கு முடித்தேன், கேடயம் இல்லாமல். முடிவில் நெருப்பை மூட்டலாம், அல்லது காவல் பெண்ணை அழைத்து அணையவிடலாம். அணையவிட்டேன். திரை இருட்டானதும் மனைவி லைட்டைப் போட்டாள்.

பேரனுக்குப் போன் செய்து சொன்னேன். அவன் கேட்ட முதல் கேள்வி, “நேம்லெஸ் கிங்கை முடிச்சீங்களா தாத்தா?”

அது மலையுச்சியில் இருக்கும் இன்னொருவன். கதைக்குக் கட்டாயமில்லை, விரும்பினால் போகலாம். வாளை ஓங்கிவிட்டு, நாம் உருண்டு முடிக்கும்வரை காத்திருந்து அடிப்பான். இல்லை என்றேன். “அப்போ இன்னும் முடிக்கல” என்று தீர்ப்புச் சொன்னான். தீபாவளிக்கு வருகிறானாம், அவனே அடித்துக் கொடுக்கிறானாம். வா, ஆனால் முதலில் நீ பாதியில் விட்ட முதல் பாகத்தை என் முன்னால் உட்கார்ந்து முடி என்று சொல்லியிருக்கிறேன். கிராஃப் தாள் படம் அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. அந்த லிஃப்ட் எங்கே இறங்கும் என்பதை மட்டும் அவனிடம் சொல்லப்போவதில்லை.