கரைவலைக் கயிறு

மார்கழி பிறந்தால் மடுல்கெல்லவில் மழையும் மூடுபனியுமாகவே பொழுது கழியும். அந்த வாடைக் காற்றை மலைகள் மறித்துவிடுவதால், நீர்கொழும்புக் கடல் அம்மாதங்களில் அடங்கிக் கிடக்கும். அங்கே கரைவலைக்கு அதுவே காலம்.

கடல் கடந்து வந்த குடும்பமாயினும், என் தந்தையார் எழுபது வயதுவரை கடலைக் கண்டதில்லை. தேயிலை மலையிலேயே ஆயுள் கழிந்தது. சென்ற மார்கழியில் அவரை நீர்கொழும்புக்கு அழைத்துச் சென்றேன். கரையில் மீனவர் இரு வரிசையாக நின்று வலை இழுத்துக்கொண்டிருந்தனர். நான் தடுப்பதற்குள் அவரும் கயிற்றைப் பற்றிவிட்டார்.

வலையில் வந்தவை பெரும்பாலும் சாளையே. ஆயினும் ஒரு பாரை மீனை அவருடைய பங்கென்று கையில் கொடுத்தார்கள். அதை ஏந்தியபடியே அலைகளைப் பார்த்து நின்றவர், "இதற்கு அப்பாலா தம்பி, பாட்டனாருடைய ஊர்?" என்று கேட்டார்.

"ஆமாம், அப்பா" என்றேன். அதற்குமேல் பேச இயலவில்லை.