கண்ணாடித் தொட்டியின் குடிகள்

சென்னைக் கொளத்தூர் மீன் கடைகளில் நிறத்தைக் கண்டு மயங்குவோரே மிகுதி. நாம் குணத்தை விசாரித்த பின்னரே விலை கேட்போம். நம் தொட்டியில் முன்னரே இரண்டு ஏஞ்சல் மீன்கள் நீண்ட செட்டை விரித்து உலவுகின்றன. மகன் உண்டியல் காசுடன் விரும்பி நின்றதோ டைகர் பார்ப். அவை எட்டுப் பத்தாகக் கூடியிருந்தால் பெரும்பாலும் தமக்குள்ளேயே துரத்திக்கொள்ளும். இரண்டு மூன்றாக விட்டாலோ பிறர் செட்டையைக் கொறிக்கும். அவன் காசுக்கு இரண்டுதான் வரும்! நியான் டெட்ராவையும் மறுத்தோம், 3 செ.மீ. மீன், வளர்ந்த ஏஞ்சலுக்கு ஒரு வாய் இரை. தங்கமீனுக்குக் குளிர்ந்த நீர் வேண்டும். கடைக்காரர் சலித்துக்கொண்டார். முடிவில், அடித்தரையில் மேயும் கோரிடோரஸ் 6 வாங்கினோம், மீதிக் காசு நம்முடையது.

“இவை சண்டையே போடாதா, வாப்பா?” என்றான், ஏமாற்றத்துடன்.