நீங்கள் தந்த கம்பளமும் என் சலவைச் சோடாவும்



ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. நான் ஓய்வு பெற்ற அன்று 1994 பத்தாம் வகுப்பு செட் பிள்ளைகள் சேர்ந்து ஒரு காஷ்மீர் கம்பளம் வாங்கித் தந்தீர்களே, கிரீம் நிறத்தில் சிவப்புப் பூ போட்டது, அதை நானே கெடுத்துவிட்டேன்.

சித்திரைத் திருவிழாவுக்கு வந்த பேரன் அதன் மேல் சாம்பாரைக் கொட்டினான். மேலூர்ப் பக்கம் எங்கள் அம்மா வீட்டில், விசேஷம் முடிந்ததும் பவானி ஜமுக்காளத்தைச் சலவைச் சோடாவில் ஊறவைத்துக் கல்லில் அடித்துத் துவைப்பார்கள். அதற்கு ஒன்றும் ஆகாது. அதே நினைப்பில் நானும் வெந்நீரில் சோடாவைக் கரைத்து ஊற்றினேன். மஞ்சள் கறை சட்டென்று சிவந்துவிட்டது. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் ஆரத்தி ஏன் சிவக்கிறது என்று 31 வருஷம் வகுப்பில் கரைத்துக் காட்டியவள் நான். அந்த நேரத்தில் மண்டையில் ஏறவில்லை. கறை பரவுகிறது என்று பயந்து, இன்னும் ஒரு கை சோடா போட்டு பிரஷ்ஷால் தேய்த்தேன்.

மறுநாள் பார்த்தால் கம்பளி விறைத்துப் பழுப்பேறிக் கிடக்கிறது. பூவின் சிவப்பு, கிரீமில் இறங்கியிருக்கிறது.

நம் பள்ளியில் படித்த பையன் ஒருவன் மதுரையில் கார்பெட், சோபா சுத்தம் செய்யும் தொழில் வைத்திருக்கிறான். (பேர் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டான்.) அவனைக் கூப்பிட்டேன்.

"என்ன போட்டீங்க டீச்சர்?"

சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. நனைத்த வெள்ளைத் துணியைக் கம்பளத்தின் ஓரத்தில் அழுத்தி எடுத்தான். "மஞ்சப்பொடி கொஞ்சம் தாங்க." துணியில் தூவியதும் அது சிவந்தது. "காரம் இன்னும் உள்ளேயே இருக்கு. நீங்க ஒன்பதாவதுல காட்டினதுதான் டீச்சர்."

ஜமுக்காளம் பருத்தி. பருத்தி செல்லுலோஸ், காரத்தைத் தாங்கும். ஆட்டு ரோமமோ நம் தலைமுடி போலப் புரதம். காரம் அதை அரிக்கும். கம்பளிக்கு ஏற்றும் சாயங்களில் பெரும்பாலானவை அமிலத்தில் பிடிப்பவை, காரம் பட்டால் பிடி தளர்ந்துவிடும். சலவைச் சோடாக் கரைசலின் பிஹெச் 11 அளவுக்குப் போகும். 7-க்கும் 11-க்கும் வித்தியாசம் வெறும் நாலு இல்லை. படிக்குப் படி பத்து மடங்கு, ஆக 10,000 மடங்கு. இதைப் பரீட்சையில் தப்பாக எழுதியவர்களுக்கு நான் மார்க் குறைத்திருக்கிறேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

ஆபீஸ்களில் போடும் நைலான் கார்பெட்டுக்கு அவனே காரத்தன்மையுள்ள மருந்துதான் போடுவானாம். எண்ணெய்ப் பிசுக்கு அதில்தான் போகும். ஆனால் அதைச் சரியாக அலசி எடுக்காவிட்டால், மிச்சமிருக்கும் பிசுபிசுப்பில் தூசி ஒட்டி, போன மாதம் கழுவியது இந்த மாதம் முன்னைவிட அழுக்காகிவிடும். "மருந்து சரியில்லைன்னு சண்டைக்கு வருவாங்க டீச்சர். மருந்துல ஒண்ணும் இல்ல, அலசினதுலதான் கோளாறு."

நம் கம்பளத்தைப் பச்சைத் தண்ணீரில் பலமுறை அலசினான். பிறகு வினிகரை நிறையத் தண்ணீரில் கலந்து தெளித்து, உறிஞ்சும் மெஷினால் ஈரத்தை எடுத்தான். மறுபடி வெள்ளைத் துணி, மறுபடி மஞ்சள். இந்த முறை மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, வினிகர் நெடி என்று சொல்லிச் சமாளித்தேன். மொட்டை மாடியில் நிழலில் தட்டையாக விரித்துக் காயவைக்கச் சொன்னான். வெயிலில் போடாதே, ஈரத்தோடு சுருட்டாதே என்று எனக்கு உத்தரவு.

விறைப்பு பெருமளவு போய்விட்டது. இறங்கிய சாயமும் பழுப்பும் போகவில்லை. "முடி கெட்டது கெட்டதுதான் டீச்சர்" என்று மறைக்காமல் சொன்னான். கூலி வாங்க மறுத்தான், பெட்ரோலுக்கு மட்டும் பையில் திணித்து அனுப்பினேன்.

கெட்ட ஓரத்தை சோபாவுக்கு அடியில் தள்ளி விரித்திருக்கிறேன். வீட்டுக்கு வரும் 1994 செட் பிள்ளைகள் குனிந்து பார்த்துக்கொள்ளலாம்.