நடப்பதற்கு ஓர் இடம்

காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் வளர்ந்தவர்களுக்குத் தெருவில் விரித்த பாவைக் காண்பதுதான் விடியல். கம்பங்களுக்கிடையே பட்டிழைகள் நீண்டிருக்க, பெரியவர்கள் அதன் இருமருங்கும் நடந்து, அறுந்த இழைகளைத் தேடிப் பிணைப்பார்கள். வெயில் ஏறுமுன் வேலை முடிந்தாக வேண்டும். என் அத்தையும் அப்படி நடந்தவர்தாம். "ஒரு பாவுக்கு எத்தனை முறை போய் வருவீர்கள், அத்தை?" என்று சிறுவயதில் நான் கேட்டதுண்டு. "எண்ணிக்கொண்டு நடந்தால் கால் வலிக்கும்; இழையைப் பார்த்து நடந்தால் வலிக்காது" என்றார்.

அவர் தமது 78ஆம் வயதில் முதியோர் இல்லம் ஒன்றில் சேர்ந்தார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை; எனக்கோ வெளியூரில் வேலை. சேர்த்த அன்று பொறுப்பாளரிடம் நான் வேண்டிக்கொண்டது ஒன்றே: "அத்தை கீழே விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்."

என் சொல்லை அவர்கள் தட்டவில்லை. காப்பியும் கட்டிலுக்கே வந்தது, சோறும் கட்டிலுக்கே வந்தது. அத்தை எழுந்தால், "நீங்கள் உட்காருங்கள் பாட்டி, நாங்கள் எடுத்துத் தருகிறோம்" என்று அன்போடு அமர்த்தினார்கள். நான்கு மாதம் கழித்து நான் சென்றபோது, கழிவறைக்குப் போகவே அவருக்கு இருவர் கைத்தாங்கல் தேவைப்பட்டது. புதிதாக நோய் எதுவும் வரவில்லை. அவர் விழவும் இல்லை. விழாமல் காத்த காவலிலேயே நடையை இழந்துவிட்டார். அந்தப் பிழையில் பெரும்பங்கு என்னுடையது.

முதுமையில் தசைகள் உழைப்பின்றி எவ்வளவு விரைவாகக் கரைகின்றன என்பதைப் பின்னரே அறிந்தேன். உடல்நலமுள்ள முதியவர்கள் சிலரை 10 நாள் படுக்கையிலேயே இருக்கச் செய்து அமெரிக்க மருத்துவர்கள் ஆராய்ந்து, முடிவை 2007இல் வெளியிட்டார்கள். அந்தப் பத்தே நாளில் கால்களின் தசை ஏறத்தாழ ஒரு கிலோ குறைந்திருந்ததாம். என் அத்தை கட்டிலில் கழித்ததோ நான்கு மாதம்!

"கொஞ்சம் கொஞ்சமாக நடந்து பாருங்கள், அத்தை" என்று வற்புறுத்தினேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, "எங்கேடா போவதற்கு நடக்கச் சொல்கிறாய்?" என்றார்.

எனக்குப் பதில் வரவில்லை. தெருவில் அவருக்கு இழை இருந்தது, கடை இருந்தது, தண்ணீர்க் குழாய் இருந்தது. இங்கே போய்ச் சேர்வதற்கு ஓர் இடமும் இல்லை. நடக்க மறந்தவரல்லர் அவர். நடக்கவேண்டிய காரணங்களையெல்லாம் நாங்களே ஒவ்வொன்றாகப் பறித்துக்கொண்டோம்.

அந்தக் காரணத்தைத் திரும்ப அளித்தவர் இல்லத்தின் இளம் ஊழியப் பெண் ஒருவர். தாழ்வாரத்தின் மறுகோடியில், பார்வை மங்கிய ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருந்தார். "டீச்சருக்குச் செய்தித்தாள் படித்துக்காட்ட ஆள் இல்லை, பாட்டி, நீங்கள் போகலாமே" என்று அவர் கேட்டார். அத்தை எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். ஆனால் கேட்ட உதவியை மறுத்துப் பழக்கமில்லாதவர். முதல் வாரம் நாற்காலியைப் பிடித்து எழுந்து உட்காரும் பயிற்சி மட்டுமே. பிறகு நடைச்சட்டத்தோடு நான்கு அடி. தாழ்வாரத்தின் நடுவே இளைப்பாற ஒரு நாற்காலி போட்டார்கள். இரண்டு மாதத்தில் அத்தை மறுகோடியை எட்டினார். அவர் தப்பாகப் படிப்பதை ஆசிரியை திருத்துவதும், அத்தை சினந்து திரும்பிவிடுவதும், மறுநாள் காலை மீண்டும் செய்தித்தாளோடு புறப்படுவதும் வழக்கமாயின. மாலையில் சிற்றாலயத்துச் செபமாலைக்கும் தாமே வரத் தொடங்கினார்.

நாள்தோறும் 10,000 அடி நடக்கவேண்டும் என்று பலரும் சொல்லக் கேட்டு முதியோர் மலைத்துப்போகிறார்கள். அந்த எண், 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவி ஒன்றின் பெயரிலிருந்து பரவியதாகும். சராசரி வயது 72 கொண்ட 16,741 பெண்களை ஆராய்ந்து 2019இல் வெளியான அமெரிக்க ஆய்வு வேறு செய்தி சொல்கிறது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடையே இறப்பு குறைவாக இருந்தது. 7,500 அடிக்கு மேல் அந்தப் பலன் கூடவில்லை. 65 வயது கடந்தவர்கள் வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமாக உடலுழைக்கவும், வாரத்தில் மூன்று நாளாவது உடற்சமநிலைக்கும் வலிமைக்கும் உரிய பயிற்சி செய்யவும் உலக நலவாழ்வு நிறுவனம் 2020இல் பரிந்துரைத்தது. அவ்வளவு இயலாதவர்கள் இயன்ற அளவு செய்தாலே நன்மை உண்டு என்பதும் அதே அறிவுரை.

ஆகவே, பெற்றோரையோ உற்றாரையோ இல்லங்களில் சேர்த்திருக்கும் அன்பர்களே, "விழாமல் பாருங்கள்" என்பதோடு நின்றுவிடாதீர்கள். "இவர் நாள்தோறும் எங்கே நடந்து போவார்?" என்றும் கேளுங்கள். சுவரோரம் கைப்பிடி, வழியில் ஒரு நாற்காலி, இரவில் விளக்கு, குதிகாலைப் பற்றும் செருப்பு ஆகியவை உண்டா என்று பாருங்கள். தலைச்சுற்றலோ நெஞ்சுவலியோ இருந்தால் முதலில் மருத்துவரைக் கேளுங்கள். பார்க்கச் செல்லும்போது கட்டிலருகே அமர்ந்து திரும்பிவிடாமல், கைகொடுத்து வேப்பமரம் வரையிலாவது உடன் நடந்து வாருங்கள். வீட்டில் இருக்கும் பெரியவர்களின் கையிலிருந்தும் சிறு வேலைகளைப் பிடுங்கிக்கொள்ளாதீர்கள்.

அத்தை இன்னும் வெளிவாயிலை எட்டவில்லை; ஒருவேளை எட்டாமலும் போகலாம். ஆனால் சென்ற முறை நான் விடைபெற்றபோது, கோலை எடுத்துக்கொண்டு மெல்ல எழுந்தார். "எங்கே, அத்தை?" என்றேன்.

"வந்தவனை வாசல்வரை வந்து வழியனுப்ப வேண்டாமா?" என்றார்.