கோல் விழாத ஆட்டம் கற்றுத்தந்த கண்

தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயலுக்குப் பக்கத்தில் இருக்கும் காயல்பட்டினம் கால்பந்து ஊர். ஐக்கிய விளையாட்டுச் சங்கம் மௌலானா அபுல் கலாம் ஆசாத் பெயரில் நடத்தும் அகில இந்தியப் போட்டிக்குத் திரளும் கூட்டத்துக்கு, முழு நேரமும் கோலே விழாமல் முடிகிற ஆட்டம் புதிதல்ல. அப்படி முடிந்த ஆட்டத்திலும் எந்தப் பையன் தேறுவான் என்று அந்தக் கூட்டத்தால் சொல்ல முடியும். பந்து காலுக்கு வந்ததும் முதல் தொடுதலில் அதை எந்தப் பக்கம் தள்ளினான், பந்தை எடுக்கும் முன்பே தலையை நிமிர்த்திப் பார்த்தானா, கொடுத்த பாஸ் ஓடி வருபவனின் காலடியில் விழுந்ததா, அவன் முதுகுக்குப் பின்னால் போனதா என்பதை வைத்துத்தான் அவர்கள் பேசுவார்கள். கோல் அரிதாக விழுவதால் கோலை வைத்து ஆளை அளக்க முடியாது என்பது அந்தக் கண்ணுக்குப் பழக்கத்தால் தெரியும். கோடையில் பெரியகுளத்தில் நடக்கும் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டியைப் பார்க்கிறவர்களுக்கும், இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பில் இருப்பவர்களுக்கும் இந்தக் கண் வேண்டும் என்பது என் கட்சி. குறிப்பாக, பந்தைக் கொண்டுவந்து தாக்குதலைத் தொடங்கி வைக்கிற இளம் கார்டு ஒருவனை எடைபோடும்போது.

கூடைப்பந்தில் புள்ளிகள் கொட்டுகின்றன. ஓர் அணி ஒரு ஆட்டத்தில் எழுபது எண்பது தடவை பந்தை எடுத்து வருகிறது. ஒவ்வொரு தடவையும் 24 விநாடிக்குள் யாராவது ஒருவர் கூடையை நோக்கி எறிந்தே ஆகவேண்டும். ஆகவே ஒருவன் எத்தனை புள்ளி எடுத்தான் என்பது முதலில் காட்டுவது, பந்து எத்தனை தடவை அவன் கைக்குப் போனது என்பதைத்தான். திறமை அதற்கு அடுத்தபடி. நாம் கையாளும் தாளே இந்தக் குழப்பத்தை வளர்க்கிறது. சர்வதேச விதிப்படி அச்சிட்ட ஸ்கோர்ஷீட்டில் 1 முதல் 160 வரை எண்கள் வரிசையாக இருக்கும். கூடை விழுந்தால் எண்மேல் ஒரு சாய்கோடு, பக்கத்தில் எறிந்தவரின் ஜெர்சி எண். மூன்று புள்ளி என்றால் அந்த ஜெர்சி எண்ணைச் சுற்றி ஒரு வட்டம். ஃப்ரீ த்ரோ விழுந்தால் ஒரு கரும்புள்ளி. விழாத பந்துக்கு அந்தத் தாளில் இடமே இல்லை. ஃபவுல் செய்தவரின் பெயருக்கு நேரே எத்தனை ஃப்ரீ த்ரோ கொடுக்கப்பட்டது என்று ஏறும். அவற்றில் விழாமல் போனவற்றை எறிந்தவர் யார் என்று ஏறாது. 28 புள்ளி எடுத்த பையன் அதை 15 தடவை எறிந்து எடுத்தானா, 35 தடவை எறிந்து எடுத்தானா என்று மறுநாள் அந்தத் தாளைப் பார்ப்பவருக்குத் தெரிய வழியில்லை. வெற்றியை மட்டும் குறிக்கும் தாளை வைத்துக்கொண்டு ஆளைக் குறித்துத் தீர்ப்பு எழுதுகிறோம்.

எண்ணிக்கை ஒன்றுகூட விட்டுப்போகாத அமெரிக்காவின் என்பிஏ-விலும் இந்த மயக்கம் இருந்தது. 2009-ஆம் ஆண்டுப் புதுமுகத் தேர்வில் (டிராஃப்ட்) வந்த மூன்று கார்டுகளைப் பார்ப்போம். நான்காவதாக சாக்ரமென்டோ எடுத்த டைரீக் எவன்ஸ், ஏழாவதாக கோல்டன் ஸ்டேட் எடுத்த ஸ்டெஃபன் கரி, பத்தாவதாக மில்வாக்கி எடுத்த பிராண்டன் ஜென்னிங்ஸ். அந்த நவம்பர் 14 அன்று ஜென்னிங்ஸ் ஒரே ஆட்டத்தில் 55 புள்ளி குவித்தார். எதிரணி கரியின் கோல்டன் ஸ்டேட்டேதான். எவன்ஸ் முதல் ஆண்டிலேயே ஆட்டத்துக்குச் சராசரியாக 20 புள்ளி, 5 ரீபவுண்ட், 5 அசிஸ்ட் என்ற மூன்று வரம்புகளையும் தாண்டினார். அவருக்கு முன்னால் புதுமுகமாக அதைச் செய்தவர்கள் ஆஸ்கர் ராபர்ட்சன், மைக்கேல் ஜோர்டன், லெப்ரான் ஜேம்ஸ் மூவர்தான். ஆண்டின் சிறந்த புதுமுக விருதும் எவன்ஸுக்கே போனது. கரியின் சராசரி 17.5. புள்ளிக் கணக்கில் இவ்வளவுதான். இன்னும் இரண்டு எண்கள் அப்போதே எல்லோர் கண்முன்னும் இருந்தன. கரி 200 ஃப்ரீ த்ரோ எறிந்து 177 போட்டிருந்தார், மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து 43.7 சதவீதம். எவன்ஸின் ஃப்ரீ த்ரோ 75 சதவீதத்தை ஒட்டி, மூன்று புள்ளி 25.5 சதவீதம். ஜென்னிங்ஸ் மொத்தமாக எறிந்ததில் விழுந்தது 37.1 சதவீதம். கரி 2015-இலும் 2016-இலும் லீக்கின் மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர் ஆனார். மற்ற இருவரும் ஒருமுறைகூட ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வாகவில்லை.

ஃப்ரீ த்ரோவுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? தரையிலிருந்து 3.05 மீட்டர் உயரத்தில் வளையம், பலகைக்கு 4.6 மீட்டர் தள்ளிக் கோடு, தடுக்க ஆளில்லை. முழங்கை வளையத்துக்கு நேராக நிற்கிறதா, பந்து விரல் நுனியிலிருந்து பின்சுழற்சியோடு கிளம்புகிறதா, வளைவு போதிய உயரம் ஏறுகிறதா என்பவை அங்கே கலப்படமில்லாமல் தெரியும். அது கையின் சொத்து. எதிராளி எவ்வளவு வலுவானாலும் அதைக் குறைக்க முடியாது. ஆளைத் தாண்டி உள்ளே புகுந்து போடும் லே-அப் அப்படியல்ல. அது இரண்டு உடல்களுக்கு இடையிலான வித்தியாசத்தில் பிறக்கிறது. மேல்மட்டத்துக்குப் போகப் போக அந்த வித்தியாசம் குறையும். அதோடு, வெளியிலிருந்து எறியத் தெரியாத கார்டுக்கு எதிரே நிற்பவன் நாலடி பின்வாங்கி நிற்பான். சக ஆட்டக்காரர் குறுக்கே நின்று ஸ்க்ரீன் போட்டாலும் அதற்குப் பின்னால் சுற்றிக்கொண்டு வழியை அடைத்துவிடுவான். உள்ளே புகும் வழியும் பாஸ் கொடுக்கும் வழியும் சேர்ந்து அடைபடும். கை சரியில்லாதபோது காலின் வேகமும் வீணாகும் என்பதுதான் இதன் உள்விவரம்.

கையை அடுத்துப் பார்க்கவேண்டியது, முதல் ஆளைத் தாண்டிய பிறகு வரும் அரை விநாடி. அப்போது உதவிக்கு இன்னொரு டிஃபென்டர் குறுக்கே வருவான். அவன் வருகிறான் என்றால் எங்கோ ஒருவன் ஆளில்லாமல் நிற்கிறான். மூலையில் நிற்பவனுக்குப் பந்து போகிறதா, கூடைக்கு உருண்டு வரும் உயரக்காரனுக்குப் போகிறதா, இல்லை இருவர் மேலும் முட்டிக்கொண்டு எறிகிறானா? காயல்பட்டினம் கூட்டம் தலை நிமிர்ந்ததா என்று பார்ப்பதும் இதையேதான். இங்கே டர்ன் ஓவர் கணக்கைக் கண்டு மிரள வேண்டியதில்லை. சரியான ஆளைப் பார்த்து, கால் விநாடி தாமதமாகக் கொடுத்துப் பறிகொடுத்த பந்து வேறு, கூட்டத்துக்குள் தட்டிக்கொண்டே போய்த் தொலைத்த பந்து வேறு. முன்னது ஆட ஆடத் திருந்தும். பின்னது அவன் பார்க்கவே இல்லை என்று சொல்கிறது.

இதற்கு மறுப்புகள் உண்டு, அவை வலுவானவையும்கூட. என்பிஏ கார்டு ஜேசன் கிட் முதல் ஆண்டில் மூன்று புள்ளியில் 27 சதவீதத்தை ஒட்டித்தான் எறிந்தார். 2013-இல் ஓய்வு பெற்றபோது மூன்று புள்ளிக் கூடைகளின் எண்ணிக்கையில் வரலாற்றிலேயே மூன்றாமவராக இருந்தார். எறிவதைக் கற்றுக்கொள்ளலாம் என்பது உண்மை. ஆனால் அதற்கு அவருக்குப் பல ஆண்டுகள் பிடித்தன, அதுவரை அவரைக் களத்தில் வைத்திருந்தது முதல் நாளிலிருந்தே இருந்த அந்த அரை விநாடிப் பார்வை. கை, கண் இரண்டில் ஒன்றாவது தொடக்கத்திலேயே இருக்கவேண்டும் என்பதற்கே கிட் சாட்சி. எவன்ஸைக் காயங்கள் கெடுத்தன என்பதும் நியாயமான வாதம், அதை மறைக்கக் கூடாது. ஆனால் அதே எவன்ஸ் ஒன்பதாம் பருவத்தில் மெம்ஃபிஸ் அணிக்காக மூன்று புள்ளியில் 40 சதவீதத்தை ஒட்டி எறிந்தபோது, அவருடைய சராசரி மறுபடி 19.4-க்கு ஏறியது. புள்ளி குவிப்பதே ஒரு திறமைதானே, தகுதியில்லாதவனுக்கு அணி பந்தைக் கொடுக்குமா என்று கேட்பவர்கள் 2013-14 ஃபிலடெல்ஃபியாவைப் பார்க்கலாம். தொடர்ந்து 26 ஆட்டங்களில் தோற்ற அந்த அணியில் மைக்கேல் கார்ட்டர்-வில்லியம்ஸ் 16.7 சராசரியோடு சிறந்த புதுமுகம் ஆனார். ஆளில்லாத அணியில் யாராவது ஒருவர் எறிந்துதானே ஆகவேண்டும். நேர்மாறாக ஸ்டீவ் நேஷ், முதல் ஆண்டில் ஆட்டத்துக்கு 3.3 புள்ளிதான். எறிவது மட்டும் அப்போதே சுத்தமாக இருந்தது. 2005-இலும் 2006-இலும் மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர் அவர்.

நம் ஊரில் இது ரசிகர் விவாதத்தோடு முடிவதில்லை. வங்கிகளும் ரயில்வேயும் வருமான வரித் துறையும் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆள் எடுக்கின்றன. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் விடுதிகளுக்கு ஏழாம் வகுப்பிலிருந்தே பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கிறது. ஒரு நாள் இரண்டு நாள் பார்வையில் ஒரு குடும்பத்தின் பிழைப்பே தீர்மானமாகிவிடுகிறது. அந்த வயதில் புள்ளிக் கணக்கு இன்னும் மோசமாக ஏமாற்றும். பதின்மூன்று வயதிலேயே மீசை அரும்பி வளர்ந்துவிட்ட பையன், இன்னும் வளராத பிள்ளைகளை இடித்துத் தள்ளிக்கொண்டு போய் முப்பது புள்ளி போடுவான். மூன்று வருடத்தில் மற்றவர்களும் வளர்ந்துவிடுவார்கள், அவனிடம் மிச்சம் எதுவும் இராது. அன்று எட்டுப் புள்ளி எடுத்த ஒல்லிப் பையன் அதற்குள் ஆட்டத்தையே விட்டிருப்பான். இந்த இழப்பு எந்தத் தாளிலும் ஏறுவதில்லை என்பதுதான் எனக்கு ஆறாத வருத்தம்.

கணக்கெடுக்க ஆள் ஏது, கருவி ஏது என்று சிலர் கைவிரிக்கலாம். ஸ்கோரர் மேசைக்குப் பக்கத்தில் பள்ளி மாணவர் ஒருவரை நோட்டும் பென்சிலுமாக உட்காரவைத்து, விழாத எறிதல்களையும், முதல் ஆளைத் தாண்டிய ஒவ்வொரு தடவையும் பந்து எங்கே போனது என்பதையும் குறிக்கச் சொன்னால் போதும். ஒரு போட்டியில் ஒருவன் எறியும் ஃப்ரீ த்ரோ பதினைந்து இருபதுக்குள் நின்றுவிடும், அதை வைத்து முடிவுக்கு வரக்கூடாது என்பதும் சரியே. அதனால் தேர்வு நாளில் பையனை நாலு தடவை கோர்ட்டின் நீளத்துக்கு ஓடவிட்டு, மூச்சு வாங்கும்போதே ஐம்பது ஃப்ரீ த்ரோ எறியச் சொல்லவேண்டும். பிறந்த தேதியும் உயரமும் எடையும் எழுதும் படிவத்தில், அந்த ஐம்பதில் எத்தனை விழுந்தது என்பதற்கும் ஒரு கட்டம் வேண்டும்.